முதல் குண்டு போன இடம்

விசையை அழுத்திய அதே நொடியில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. துப்பாக்கி தோளில் உதைத்தது. ரீக்கா காதடைப்பானைக் கழுத்துக்கு இறக்கி, வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு போனை எடுத்தாள். அம்மா.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"சுடுதளத்துல."

அந்தப் பக்கம் பொரிந்தது. "நர்ஸ் வந்து பாத்துட்டு இன்னிக்கோ நாளைக்கோன்னுட்டுப் போறா. அப்பன் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு கெடக்கான், மக பட்டாசு வெடிக்கப் போயிருக்கா. பால் வாங்கப் போறேன்னுதானே கெளம்பின?"

"பாலும் வாங்கிட்டு வரேம்மா."

அம்மா ஹில்க்கா போனை வைத்துவிட்டாள். அவள் எப்போதும் விடைபெறாமல்தான் வைப்பாள். சண்டையானாலும் சரி, பிறந்தநாள் வாழ்த்தானாலும் சரி.

ரீக்கா மேசைமேல் இருந்த தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். நூறு மீட்டருக்கு அப்பால், மணல்மேட்டின் அடியில் நட்டிருந்த அட்டையில், நடுப்புள்ளிக்கு ஒரு கை அகலம் இடதுபக்கமாக ஓட்டை விழுந்திருந்தது. போன் அதிர்ந்ததில் கை இழுத்துவிட்டது என்று நினைத்தாள். சுடுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. கூட்டத்தைவிட்டுத் தனியாகப் போன குண்டு ஒன்று இருந்தால், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள். அவளும் தள்ளிவிட்டாள்.

அடுத்த குண்டு நடுவில் போனது. அதற்கடுத்ததும் நடுவில்தான். தோட்டா தோட்டாவாகப் போட்டுச் சுட்டாள். எல்லா ஓட்டைகளும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. இப்படிச் சுட்டால் மற்றவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். ரீக்காவுக்கு ஏமாற்றமாக இருந்தது. இந்தத் துப்பாக்கி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள்.

போன இலையுதிர்காலத்தில், கடமான் வேட்டையின் இரண்டாவது வாரத்தில், அவள் அப்பா தௌனோ இந்தத் துப்பாக்கியால் ஒரு பெட்டை மானை வயிற்றில் சுட்டார். ஒரே ஒரு குண்டு. மான் குடலைத் தொங்கவிட்டுக்கொண்டு சதுப்புக்குள் ஓடியது. நாய்களை விட்டுத் தேடி மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் காக்கைகள் கண்ணைத் தின்றிருந்தன. இறைச்சி ஒரு துண்டுகூடத் தேறவில்லை. யாரும் தௌனோவைத் திட்டவில்லை. இந்த ஊரில் திட்டமாட்டார்கள். எதிரே வந்தால் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவர் வேட்டைக் குழுத் தலைவர் கலேவியிடம் போய், "கை நடுங்கிடுச்சு. இனிமே என்னைக் கணக்குல வெக்காத" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பனிக்காலத்தில் நோய் தெரியவந்தது. ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டது. பாவம், அப்பவே கை போயிருக்கு.

ரீக்காவால் அதை ஏற்க முடியவில்லை. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். நோய் முற்றிப் படுக்கையில் விழும்வரை அம்மாவின் தையல் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்த கை அது. இன்னொன்றும் அவளை அரித்தது. குறி தப்பிய எவனும் மறுநாள் பொழுது விடிந்ததும் சுடுதளத்துக்கு ஓடுவான், துப்பாக்கியிலா தன்னிடமா எங்கே கோளாறு என்று பார்க்க. அப்பா ஓடவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதன் பேச்சை எடுத்தாலே எழுந்து போனார். போன வாரம் குழுவிலிருந்து பார்க்க வருகிறோம் என்று சொன்னபோது, "வேண்டாம்னு சொல்லு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தத் திரும்பலைப் பார்த்ததிலிருந்து ரீக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மனுஷன் போவதற்குள், உங்கள் கைமேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை அவர் காதில் போட்டுவிட வேண்டும். அவளுக்கும் அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் உண்டு. எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பின்னால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. கலேவி தன் துப்பாக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வேட்டை தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. எல்லோரும் குறி சரிபார்க்க வருகிற சமயம்.

"என்ன பொண்ணே, காகிதத்தைக் கொன்னுக்கிட்டிருக்க?"

"நீங்க போன வருஷம் பைன் மரத்தையே சுட்டீங்களே மாமா."

"மரத்துக்குப் பின்னாடி மான் நின்னுச்சு." சிரிக்காமல் சொன்னார். அவள் கையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "தௌனோ எப்படி இருக்கான்?"

"இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்றாங்க."

"அப்ப இங்க என்ன பண்ற நீ?"

"இதுல எங்கயோ கோளாறு இருக்கு மாமா. சில நேரம் நல்லாச் சுடுது, சில நேரம் சுடறதில்ல. அப்படித்தான் இருக்கணும். கண்டுபிடிச்சுக் குடுங்க."

கலேவி அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் தன் பையைக் கீழே வைத்துவிட்டு, திருகுச் சாவிகளை எடுத்தார். குறி பார்க்கும் ஸ்கோப்பைப் பிடித்திருந்த திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. இரும்பையும் மரக்கட்டையையும் இணைக்கும் அடித்திருகுகளைப் பார்த்தார். அவையும் இறுக்கமாக இருந்தன. மழையில் கட்டை உப்பிக் குழலை இடித்தால் குண்டு அலையும். அதற்காக ஒரு காகிதத்தை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுனியிலிருந்து அடிவரை ஓட்டினார். எங்கும் சிக்காமல் ஓடியது. குழல்வாயை விரலால் தடவினார். வேறு பெட்டித் தோட்டாக்களைப் போட்டு அவரே சுட்டார். குழல் சூடேறச் சூடேறச் சுட்டார். பிறகு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அது ஆறும்வரை ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீக்கா எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"உக்காரு. நீ குதிச்சா அது சீக்கிரம் ஆறிடாது."

ஆறிய பிறகும் சுட்டார். எல்லாம் நடுவில்.

"நல்ல துப்பாக்கி" என்றார் கலேவி. "என்னுதைவிட நல்லது."

"சில நேரம் மட்டும் தப்பறது ஏதாவது இருக்கலாம்ல?"

"இருக்கலாம். அதுக்குப் பேரு மனுஷன்." அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தவர் இடதுபக்கத்து ஓட்டையைச் சுண்டுவிரலால் தொட்டார். "இது?"

"நான்தான் இழுத்துட்டேன். அந்நேரம் பாத்து அம்மா போன் பண்ணினா."

"ம்." அட்டையை மடித்து அவளிடம் கொடுத்தார். "வீட்டுக்குப் போ ரீக்கா. போய் அவன்கிட்ட உக்காரு."

கூடத்தில், ஏரியைப் பார்த்த ஜன்னலுக்கு அடியில் கட்டில் போட்டிருந்தது. யோவென்சூ நகர ஆஸ்பத்திரியிலிருந்து இங்கேதான் வருவேன் என்று அடம் பிடித்து வந்தவர் தௌனோ. மூன்று சட்டைகள் போட்டும் உடம்பு இருக்கிற இடம் தெரியவில்லை. மூச்சு வந்தது, நின்றது, யோசித்துவிட்டு மறுபடி வந்தது. ரீக்கா குனிந்ததும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"வெடிமருந்து வாசனை. சுட்டுட்டு வரியா?"

"ஆமாப்பா. துப்பாக்கியில ஏதாவது கோளாறு இருக்கான்னு..."

"விட்டுடு."

"இல்லப்பா..."

"விட்டுடுன்னேன்ல."

அவ்வளவு பேசியதற்கே நெற்றி வேர்த்துவிட்டது. ரீக்கா துடைத்துவிட்டாள். துப்பாக்கி நன்றாக இருக்கிறது, ஆகவே தப்பு உங்கள் கைமேல்தான் என்கிற செய்தியைத்தான் அவள் கொண்டுவந்திருந்தாள். நல்லவேளை, அவர் கேட்கவில்லை. அவளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. எதன்மேல் என்று தெரியாமல் சமையலறைக்குள் போனாள்.

அங்கே அம்மா சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, துப்பாக்கியைக் கிடத்தி, தோட்டாவைத் தள்ளும் போல்ட்டை உருவி வைத்திருந்தாள். பக்கத்தில் துடைப்புக் கம்பி, பழைய தலையணை உறையில் கிழித்த துணி, தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டி. கை சும்மா இருந்தால் ஹில்க்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். காலையிலிருந்து அடுப்பைத் துடைத்து, திரையைத் துவைத்து, துவைத்ததையே மறுபடி துவைத்திருந்தாள்.

"பால் எங்க?"

"மறந்துட்டேன்."

"மறப்ப. துப்பாக்கிய மறந்தியா?" புட்டியைக் கவிழ்த்துத் துணியை நனைத்தாள். கம்பியில் சுற்றி, குழலுக்குள் இழுத்து இழுத்துத் தள்ளினாள். மறுமுனையில் எண்ணெய் துளித்து செய்தித்தாளில் சொட்டியது. "இவ்வளவு கரியோட அலமாரியில வெப்பியா? மாசாமாசம் நான்தான் பாத்துக்கறேன், இதுக்கு நாதியில்லாம போயிடக் கூடாதுன்னு."

"இவ்வளவு எண்ணெய் போட மாட்டாங்கம்மா. அப்பா பாத்தா கத்துவார்."

"அவனுக்கென்ன தெரியும், சோம்பேறி. வேட்டைக் காலம் முடியற வரைக்கும் குழலுக்குள்ள ஒரு துணி விட மாட்டான். ஏதோ சாஸ்திரமாம். எங்கப்பா வீட்டுல நனைஞ்ச துப்பாக்கிய அப்படியே வெச்சா சோறு கெடையாது." அம்மா கம்பியை உருவினாள். "போன வருஷமும் பாரு, மழையில தெப்பமா நனைஞ்சுக்கிட்டு வந்தான். காய்ச்சல், மூக்கடைப்பு. சவுனா நீராவியில ஒரு நிமிஷம் உக்காந்துட்டு நேராப் போய்ப் படுத்துட்டான். துப்பாக்கி வாசல்ல தண்ணி சொட்டிக்கிட்டு நிக்குது. நான்தான் துடைச்சு, குழல் நெறைய எண்ணெய் விட்டு, விடியறதுக்குள்ள ரெடி பண்ணி வெச்சேன். என்ன புண்ணியம்? அன்னிக்குன்னு பாத்து அவன் கை நடுங்கணுமா?"

ரீக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குழலுக்குள் எண்ணெய் இருந்தால் முதல் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். வேட்டைக்காரன் எவனும் காட்டுக்குப் போகுமுன் ஒரு குண்டைச் சுட்டு எண்ணெயை எரித்துவிட்டுத்தான் போவான். இல்லையென்றால், குறி பார்த்த பிறகு குழலைத் தொடவே மாட்டான், அப்பாவைப் போல. எண்ணெய் விட்டிருப்பது தெரிந்தால்தானே எரிப்பதற்கு? காலையில் அவள் கணக்கிலிருந்து தள்ளிய அந்த ஒரு ஓட்டை அவள் நெஞ்சுக்குள் திரும்பி வந்தது.

"அதைக் குடு."

"எதுக்கு? இப்பத்தான்டி துடைச்சேன்..."

"குடும்மா."

அம்மா வாசல்வரை கத்திக்கொண்டே வந்தாள். பெற்ற மகளா நீ என்றாள். ரீக்கா காரை எடுத்துக்கொண்டு காட்டுப்பாதையில் பறந்தாள். சுடுதளத்தில் யாரும் இல்லை. புது அட்டையைக் குத்திவிட்டு ஓடிவந்து, மணல்மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்தாள். போனைக் காரிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள். மூச்சைப் பிடித்து, அவசரப்படாமல் அழுத்தினாள்.

குழல்வாயிலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு வந்தது. தையல் மெஷின் எண்ணெய் கருகிய வாசனை மூக்கில் ஏறியது. தொலைநோக்கியில் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தாள். இடதுபக்கம், ஒரு கை அகலம், காலையில் விழுந்த அதே இடம். இன்னொன்று சுட்டாள். நடுவில் போனது.

நூறு மீட்டரில் ஒரு கை அகலம் என்றால், அன்று அப்பாவுக்கு எதிரே, அதைவிடத் தூரத்தில், வெட்டவெளியின் மறுகரையில் வலப்பக்கமாக நடந்துகொண்டிருந்த மானுக்கு இன்னும் அதிகம். நுரையீரலுக்குக் குறி வைத்தது வயிற்றில் போய்விட்டது. அப்பாவின் கை அசையவே இல்லை. ரீக்கா பெஞ்சில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்து, அப்புறம் அழுதாள். அம்மாமேல் அவளுக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை. அந்த நிமிஷம் அம்மா எதிரில் நின்றிருந்தால் எண்ணெய்ப் புட்டியை அவள் முகத்துக்கு எதிரே ஆட்டிக் கேட்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். ரீக்கா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்குப் போய் மண்டியிட்டாள். அப்பாவின் காதருகே வாயை வைத்தாள்.

"அப்பா, கண்டுபிடிச்சிட்டேன். உங்க கை இல்லப்பா. குழல்ல எண்ணெய் இருந்திருக்கு. முதல் குண்டு..."

தௌனோ கண்ணைத் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவைப் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அவ்வளவு பலம் அதில் மிச்சம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"தெரியும்."

"என்னப்பா?"

"புகை வந்துச்சு." மூச்சு நின்றது. அவள் காத்திருந்தாள். வந்தது. "வெள்ளையா. அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்ப்பா..."

"அவ அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல. எனக்குக் காய்ச்சல்னு." மறுபடி நின்றது. பிடி இறுகியது. "கைதான் ரீக்கா. என் கைதான். சரியா?"

கதவு திறந்தது. ஹில்க்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ன சொல்றான்? என்ன கேக்கறான்?"

அப்பா இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி கேக்கறார்" என்றாள்.

ஹில்க்கா தண்ணீர் கொண்டுவந்து, பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தாள். "இத்தனை நாள் காப்பி காப்பின்னு உயிரை வாங்குவ. இப்ப தண்ணி கேக்குதா உனக்கு?" என்று அவரைத் திட்டிக்கொண்டே வைத்தாள். அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அன்று வெளிச்சம் சாயும் முன் தௌனோ போய்விட்டார். நின்ற மூச்சு மறுபடி வரும் என்று இரண்டு பேரும் நெடுநேரம் காத்திருந்தார்கள். பிறகு ஹில்க்கா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அந்த ஊர் வழக்கப்படி சில வாரங்கள் கழித்து, அக்டோபரில் அடக்கம் நடந்தது. வேட்டைக் குழுவின் ஆண்களே கயிறு பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள், அவர்களே மண்வெட்டி பிடித்து மூடினார்கள். கலேவி ஊசியிலைக் கிளைகளைப் பின்னிய வளையத்தை வைத்து, அதன் இரங்கல் அட்டையில் எழுதியிருந்ததை ஒரே மூச்சில் படித்துவிட்டு நகர்ந்தார். தேவாலயக் கூடத்தில் காப்பியும், மீனும் கிரீமும் அடுக்கிய உப்புக் கேக்கும், ஏலக்காய் பன்னும் வைத்திருந்தார்கள். உட்காரச் சொல்லியும் கேட்காமல் ஹில்க்கா தானே காப்பிக் கூஜாவை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனாள்.

ரீக்காவுக்கு அங்கே மூச்சு முட்டியது. எல்லோரும் அப்பாவைப் பற்றி நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். ஒவ்வொரு நல்ல வார்த்தைக்குப் பின்னும் ஒரு இழுவை இருந்தது. கடைசியில கை விட்டுடுச்சு பாவம். அந்த வயசுல யாருக்குத்தான். அவள் கேக்கை முள்கரண்டியால் குத்திக் குத்திப் பொடியாக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இந்தக் கூடம் முழுக்கத் துப்பாக்கி தெரிந்தவர்கள். ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

கலேவி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு" என்றார். "அன்னிக்கு இடதுபக்கம் விழுந்துச்சே ஒரு ஓட்டை. அது உன் முதல் குண்டா?"

ரீக்கா தலையசைத்தாள்.

"அந்தக் குழல்ல எண்ணெய் இருந்துச்சா?"

அவள் நிமிர்ந்தாள். கலேவியின் பின்னாலேயே அம்மா கூஜாவுடன் நின்றுகொண்டிருந்தாள். கலேவி அவளைக் கவனிக்கவில்லை. "ஏன்னா, அப்படியிருந்தா, போன வருஷமும்..." என்று முன்னால் குனிந்தார்.

"இல்ல மாமா" என்றாள் ரீக்கா. "காஞ்ச குழல். போன் வந்துச்சு, நான் இழுத்துட்டேன். அப்பாவுக்கும் கைதான். அவரே சொன்னார்."

கலேவி நம்பாமல் பார்த்தார். அதற்குள் ஹில்க்கா குறுக்கே வந்துவிட்டாள்.

"என்ன, துப்பாக்கிப் பேச்சா? இந்த வருஷம் இவளையாவது குழுவுல சேத்துக்கோ கலேவி. துப்பாக்கி பளபளன்னு இருக்கு. தௌனோவா அதைத் துடைப்பான்? எல்லாம் நான்தான். போன வருஷம் அன்னிக்கு விடியக்காலைகூட ரெண்டு தடவை எண்ணெய் விட்டு வெச்சேன், தெரியுமா?"

கலேவியின் கை மேசைமேல் அப்படியே நின்றது. அவர் ஹில்க்காவைப் பார்த்தார். பிறகு ரீக்காவைப் பார்த்தார். ரீக்கா பார்வையை விலக்கவில்லை. பக்கத்து மேசையில் யாரோ இந்த வருஷம் பனி சீக்கிரம் விழும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல காரியம் பண்ணின ஹில்க்கா" என்றார் கலேவி. காலிக் கோப்பையைத் தட்டோடு எடுத்து நீட்டினார். "காப்பி ஊத்து."

கோப்பை தட்டில் மோதிக் கிலுகிலுத்தது. ஹில்க்கா ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு, மறுகையால் ஒரு சொட்டும் சிந்தாமல் விளிம்புவரை ஊற்றினாள்.

"என்ன கலேவி, உனக்கும் கை ஆட ஆரம்பிச்சிடுச்சா?"

"ஆமா ஹில்க்கா" என்றார். "வயசாகுதுல்ல."